மரம் நட்டால் கோடி என்று வருகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் காணி வைத்திருப்பவர்கள், குறிப்பாக வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க்காணியைச் சும்மா விட்டிருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். "காணி உங்களுடையது, கன்று எங்களுடையது, பதினைந்து வருடத்தில் கோடிக் கணக்கில் வருமானம்" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு நிறுவனம் என் பெரியம்மாவிடம் பன்னிரண்டு லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டது. காணியில் இன்றைக்கு நிற்பவை காய்ந்த குச்சிகளும் அவற்றுக்கு முண்டு கொடுத்த தடிகளும்தான். விடயம் சட்டத்தரணியிடம் இருப்பதால் பெயர் எழுதவில்லை. ஆனால் அதே ஆட்கள் இப்போது தென்மராட்சிப் பக்கம் மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்கிறார்கள் என்று அறிந்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

பெரியம்மா கனடாவில் இருக்கிறார். காணி வலிகாமம் வடக்கில், பன்னிரண்டு பரப்பு. பல வருடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து விடுபட்ட காணி. விட்டபோது வீடும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை, ஒரே பற்றை. அம்மப்பா வைத்த மாவும் பலாவும் நின்ற இடமே தெரியவில்லை. அந்த மண்ணில் திரும்ப ஏதாவது பச்சையாக நிற்க வேண்டும் என்று பெரியம்மா ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் சொல்லுவார். வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. "அம்மா, உங்கட அப்பாவின்ர காணியைத் திரும்ப சோலையாக்கித் தாறம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று வட்ஸ்அப்பில் பேசிய அந்தப் பையனின் குரலைப் பெரியம்மா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வருவது காசைப் பற்றி மட்டுமல்ல.

அவர்கள் கொண்டு வந்த திட்டம் இது. தேக்கு, சந்தனம், வாசனைப் பிசினுக்கு விலைபோகும் அகர் மூன்றும் கலந்து பரப்புக்கு அறுபது கன்று. கன்று ஒன்றுக்கு 2,500 ரூபாய். ஆக 720 கன்றுக்குப் பதினெட்டு லட்சம், அதில் முதல் தவணை பன்னிரண்டு. வளர்ந்தபின் நிறுவனமே மரத்தைத் திருப்பி வாங்கும் என்று உத்தரவாதம். ஒரு சந்தன மரத்துக்கு இவ்வளவு, ஒரு அகர் மரத்துக்கு இவ்வளவு என்று வர்ணப் படத்தோடு ஒரு அட்டவணை. 720ஐ அந்த விலையால் பெருக்கிக் கடைசியில் வரும் தொகையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கை ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், கிட்டத்தட்ட 2,720 சதுர அடி. மரம் வைரம் ஏறிப் பருக்க வேண்டும் என்று பத்தடிக்குப் பத்தடி விட்டால் பரப்புக்கு 27 கன்றுதான் கொள்ளும். அறுபது வைத்தால் ஏழடி இடைவெளிகூடச் சரியாக வராது. தேக்குத் தோட்டம் போடுகிறவர்களும் தொடக்கத்தில் நெருக்கித்தான் நடுவார்கள், அது உண்மை. ஆனால் சில வருடத்தில் மெலிந்ததை, வளைந்ததை வெட்டிக் கழித்துவிட்டு நல்லதை மட்டும் விடுவார்கள். கழித்தது வேலிக் கட்டைக்கும் விறகுக்கும்தான் போகும். இவர்கள் 720 கன்றுக்கும் காசு வாங்கிக்கொண்டு, 720ம் முதிர்ந்த மரமாக விற்கும் என்று கணக்குக் காட்டினார்கள். கன்று எண்ணிக்கை கூடக் கூட அவர்களுக்குத்தான் லாபம்.

அதைவிட மோசம், மண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. வலிகாமத்துச் செம்மண் மேலே பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தாலும் கீழே சுண்ணக்கல். சில இடத்தில் ஆளுயரத்துக்கு மண் இருக்கும், சில இடத்தில் முழங்கால் அளவில் கல் வந்துவிடும். எங்கள் காணியில் கன்று வைக்கக் கிடங்கு வெட்டும்போதே வடக்குப் பக்கம் முழுக்க அலவாங்கு கல்லில் முட்டியது. பக்கத்துத் தோட்டக்கார ஐயா வேலியோரம் நின்று, "தம்பி, இதுக்குள்ள தேக்கு எங்க வேர் விடப்போகுது? இஞ்ச வெங்காயமும் புகையிலையும் வைக்கலாம், பனையும் வேம்பும் தானா வரும். உது சரிவராது" என்று சொன்னார். மேற்பார்வைக்கு வந்தவர், "ஐயா, இது திசு வளர்ப்புக் கன்று, கல்லையும் துளைச்சுப் போகும்" என்றார். எந்தக் கன்றும் அப்படிப் போகாது. ஆணிவேர் கல்லில் முட்டினால் தேக்கு குறுகித்தான் நிற்கும், பெருமரக் காசு வராது.

அகர் விடயம் இன்னும் அநியாயம். அகர் மரம் மழைக்காட்டு மரம். அதன் இனமான வல்லப்பட்டை நம் நாட்டிலேயே வளர்கிறது, ஆனால் எங்கே? சிங்கராஜ வனம், இரத்தினபுரி, காலி என்று வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஈர வலயத்தில். யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதில் பாதி. அதுவும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரியோடு முடிந்துவிடும். மிச்ச மாதம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான், அதுவும் கடல் பக்கம் போகப்போக உவர். சரி, இறைத்து இறைத்து மரத்தை வளர்த்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அகர் மரம் வளர்ந்தால் மட்டும் காசு இல்லை. உள்ளே காயம் பட்டு, பூஞ்சணம் பிடித்து, மரம் தன்னைக் காக்கப் பிசின் சுரந்து, அந்த இடம் கறுத்தால்தான் விலை. அதற்கு மருந்தேற்றும் செலவு தனி, ஏற்றினாலும் எல்லா மரத்திலும் வராது. ஏற்றுமதி என்றால் 2005 முதல் அகர் இனங்கள் எல்லாம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் நாட்டைவிட்டுப் போகாது. இதில் ஒரு வரிகூட அவர்கள் கூட்டத்தில் சொல்லப்படவில்லை.

சந்தனத்துக்கு நடந்ததை நேரில் பார்த்தேன், அதை மறக்க முடியாது. சந்தனம் தனியே வளரும் மரம் அல்ல. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி அதிலிருந்து தண்ணீரும் சத்தும் எடுத்துத்தான் பிழைக்கும். அதனால் நாற்றுப் பையிலேயே கூடப் பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு துணைச்செடி வைப்பார்கள். நட்ட பிறகு துவரையோ அகத்தியோ பக்கத்தில் போட்டுக் கொடுப்பார்கள். வந்த பைகளில் அந்தப் பொன்னாங்கண்ணி இருந்தது. நிறுவனத்தின் வேலையாட்கள் கிடங்கோரம் குந்தியிருந்து, புல் பிடுங்குகிற மாதிரி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சந்தனத்தை மட்டும் நட்டார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குத் தெரியவில்லை, அல்லது அக்கறை இல்லை. சந்தனம் விற்கிற ஆளுக்கு இது தெரியாது என்றால் அவர் விற்பது சந்தனம் அல்ல, வெறும் பை.

நட்ட காலமும் பிழை. கன்று ஐப்பசியில் இறங்கியிருந்தால் மாரி முழுக்க மழை குடித்து வேர் பிடித்திருக்கும். லொறி வந்தது தை கழிந்து, மழை ஓய்ந்த பிறகு. மாசியிலேயே இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு கூடிய மண்ணில் செடிக்கு இரும்புச் சத்து எட்டாதபோது இப்படித்தான் வரும் என்று விவசாயப் போதனாசிரியர் பார்த்துச் சொன்னார். நிறுவனத்துக்குப் படம் அனுப்பினோம். "உரம் போடுங்கோ" என்று ஒரு பதில், அந்த உரத்துக்கும் ஒரு விலை. பவுசரில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். வைகாசியில் சோளகம் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது. அந்தக் காற்றுக்கு வேலி இல்லாத வெளியில் எந்தப் பிஞ்சுக் கன்றும் நிற்காது.

பட்டுப்போன ஒரு தேக்கைக் கிளறி எடுத்துப் பார்த்தேன். வேர் மண்ணுக்குள் ஒரு விரலும் போகவில்லை. பை இருந்த அளவுக்கே, கயிற்றுச் சுருள் மாதிரி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கிடந்தது. அதாவது நாற்றுமேடையில் விற்காமல் நீண்ட காலம் கிடந்த பழைய கன்று. அடியில் கறுப்புப் பொலித்தீனில் ஒரு துண்டு அப்படியே ஒட்டியிருந்தது. பையைக்கூட முழுதாகக் கிழிக்காமல் நட்டிருக்கிறார்கள். இன்னும் பல கன்றுகளைக் கிளறினேன், அநேகமாக எல்லாம் அதே கோலம்.

இனி ஒப்பந்தம். பெரியம்மாவுக்கு அனுப்பியது ஆங்கிலத்தில், பதினொரு பக்கம். பிறகு சட்டத்தரணி வாசித்துக் காட்டியபோதுதான் அதன் உள்ளடக்கம் எங்களுக்கு முழுதாக விளங்கியது. பட்டுப்போன கன்றுக்கு மாற்றுக் கன்று தருவது, முதலில் நட்ட நாளிலிருந்து தொண்ணூறு நாளைக்குள் மட்டும். தண்ணீர், வேலி, ஆடு மாடு, காற்று, வரட்சி எல்லாம் காணிக்காரர் பொறுப்பு. திருப்பி வாங்கும் உத்தரவாதத்தில் விலையே இல்லை. "அன்றைய சந்தை விலையில், நிறுவனத்தின் தரத்துக்கு அமைந்தால்" என்றுதான் இருக்கிறது. தரம் எது என்று தீர்மானிப்பதும் நிறுவனம்தான். மேடையில் சொன்ன கோடி அந்தப் பதினொரு பக்கத்தில் எங்குமே இல்லை. "நாங்கள் பதிவு செய்த கொம்பனி" என்று பிரேம் போட்ட சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பனிப் பதிவு என்பது அப்படி ஒரு கம்பனி இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. அது அவர்கள் சொல்லும் லாபத்துக்குப் பிணை நிற்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். காணி இல்லாதவர்களிடம் "எங்கள் தோட்டத்தில் உங்கள் பெயரில் மரம்" என்று காசு சேர்க்கிறார்கள், இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தால் தரகு தருகிறார்கள். ஆள் சேர்த்து அந்தக் காசில் ஓடும் பிரமிட் திட்டம் நம் நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். இலங்கை மத்திய வங்கி இதைப்பற்றித் திரும்பத் திரும்ப அறிவித்தல் போட்டிருக்கிறது. மரத்தைக் காட்டிக் காசு திரட்டுவது புதிய வித்தையும் அல்ல. 1990களில் தமிழ்நாட்டில் தேக்குத் திட்டங்களில் போட்டு எத்தனையோ குடும்பங்கள் முதலை இழந்தன. அதன் பிறகுதான் 1999இல் இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு இப்படியான கூட்டு முதலீட்டுக்கு விதிமுறை கொண்டுவந்தது.

மரம் வளர்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வன்னியில் ஆழமான மண்ணில் தேக்கு நன்றாக நிற்கிறது, முப்பது வருடம் காத்திருக்க மனம் இருந்தால். நம் பக்கத்தில் வேம்பு, இலுப்பை, புளி, மா எல்லாம் காலம் காலமாக நின்ற மரங்கள். செய்ய விரும்பினால் முதலில் காணியில் நாலைந்து இடத்தில் மூன்றடி தோண்டிக் கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை ஆவணியில் குடித்துப் பாருங்கள், மாரியில் அல்ல. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்து காட்டுங்கள், அதற்கு ஒருவரும் லட்சம் கேட்கப்போவதில்லை. தேக்கை வெட்டி ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை நட முன்னரே வனவளத் திணைக்களத்தில் கேட்டுத் தெளியுங்கள். நிறுவனக்காரர் வந்தால், அவர்கள் நட்டு ஐந்து வருடமாவது ஆன ஒரு தோட்டத்தை யாழ்ப்பாணத்துக்குள்ளேயே காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டியது குருநாகலில் எடுத்த ஒரு காணொளி.

பெரியம்மாவுக்கு இப்போதும் அவர்களிடமிருந்து செய்தி வருகிறது. கன்றைப் பற்றி அல்ல, மிச்சம் ஆறு லட்சத்தைக் கேட்டு. கட்டாவிட்டால் திருப்பி வாங்கும் உத்தரவாதம் ரத்தாகுமாம். கட்டப்போவதில்லை என்று சட்டத்தரணி மூலம் எழுதிவிட்டோம். முற்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். இதே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இரண்டாம் தவணையை இப்போதே நிறுத்துங்கள். பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் குரல்பதிவு, கூட்டத்தில் தந்த அட்டவணை எதையும் எறியாதீர்கள். பட்ட கன்றைப் பிடுங்கிப் போடமுன் திகதி தெரியப் படம் எடுங்கள், வேரையும் கழுவி எடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாங்கள் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், நீங்களும் கொடுங்கள். தனித்தனியாக ஓடாமல் ஒரே வழக்காகப் போகலாமா என்று சட்டத்தரணி கேட்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் கருத்துப் பகுதியில் ஊரை மட்டும் எழுதுங்கள், நான் உள்பெட்டியில் தொடர்புகொள்கிறேன்.