பழைய ஏசெராவில் 40 பல்லுச் சில்லு: பால் சைக்கிளுக்கு ஒரு மலிவு வழி

வன்னி சமதரைதானே, இங்கே எதற்கு இவ்வளவு பெரிய பல்லுச் சில்லு என்று கேட்பவர்கள், பால் கானோடு ஒருமுறை முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். கரியரின் இரண்டு பக்கமும் இருபது லீற்றர் கான் தொங்கினால் பாரம் நாற்பது கிலோவைத் தாண்டும். டயருக்குக் கீழே கிரவல் உருளும். சோளகம் முகத்தில் அடிக்கும் மாதங்களில் ஒட்டுசுட்டான் வீதியே ஏற்றம் மாதிரித்தான்.

என்னுடையது பழைய எட்டுக் கியர் மவுண்டன் சைக்கிள். பின்னால் ஷிமானோ ஏசெரா எம்360 டெரெய்லர், அதாவது செயினை ஒரு பல்லுச் சில்லிலிருந்து மற்றதுக்கு மாற்றும் சாமான். முன் கியரை மாற்றும் பிடி உடைந்து மாற்றுச் சாமான் கிடைக்காததால், முன்னால் 34 பல்லிலேயே ஓடுகிறேன். பின்னால் இருந்ததில் பெரியது 32. டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு முழு செட்டையும் மாற்றச் சொன்னார்கள். அவ்வளவு காசும் இல்லை, ஒழுங்காக வேலை செய்யும் சாமானை எறியவும் மனம் வரவில்லை.

அதனால் மூன்று சாமான்தான் வாங்கினேன்: சன்ரேஸ் 11–40 எட்டுக் கியர் கசெட் (11 பல்லிலிருந்து 40 பல்லு வரையான பின்பல்லுச் சில்லுக் கட்டு), ஒரு புதுச் செயின், டெரெய்லர் தொங்கும் ஹேங்கரை நீட்ட ‘ஹேங்கர் எக்ஸ்டென்டர்’ என்று விற்கும் அலுமினியத் துண்டு. துண்டு 2,000 ரூபாவுக்குள் முடிந்தது. கசெட்டுக்குத்தான் காசு போனது.

ஏசெராவுக்கு ஷிமானோ சொல்லும் எல்லை 34 பல்லு. துண்டு இல்லாமல் 40ஐப் போட்டால், பின்பக்க பி ஸ்குரூவை (டெரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்குரூ) முழுதாக முறுக்கினாலும் டெரெய்லரின் மேல் சின்னச் சில்லு பெரிய பல்லில் உரசிக் கரகரக்கும். இந்தத் துண்டு டெரெய்லரைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுகிறது, வேலை அவ்வளவுதான். பூட்ட 5 மில்லிமீற்றர் அலன் கீ போதும். பிறகு பி ஸ்குரூவால், சின்னச் சில்லுக்கும் 40 பல்லுக்கும் இடையில் ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி வைத்தோம். பெடலைக் கையால் சுற்றினால் செயின் சத்தமில்லாமல் ஏறி உட்காருகிறது.

செயின் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. சைக்கிள் திருத்தும் தம்பி, பழைய செயினைக் கழற்ற முதலே, “அண்ணை, நீளத்தை முதல் பாப்பம், கட்டையா இருந்தா பெரிய பல்லில டெரெய்லரையே பிச்சுப்போடும்” என்றான். சரியான பேச்சு. 32இலிருந்து 40க்குப் போனால் ஏறக்குறைய நான்கு கண்ணி கூட வேண்டும். டெரெய்லருக்குள் விடாமல் முன் 34, பின் 40 பல்லுகளில் செயினைச் சுற்றி, இரண்டு கண்ணி கூட்டி வெட்டினான். முன்னால் ஒரே சில்லிலேயே ஓடுவதால் தொய்வும் இல்லை. ஏசெரா 43 பல்லு வித்தியாசம் வரை இழுக்கும், எனக்குத் தேவை 40இல் 11 போக 29.

முன் டெரெய்லரைக் கழற்ற வேண்டாம். கேபிளை எடுத்துவிட்டு, அது அசையும் எல்லையை வைக்கும் இரண்டு லிமிட் ஸ்குரூவாலும் அதை 34 பல்லுக்கு நேரே அசையாமல் நிறுத்தினால், கிரவலில் துள்ளும்போது செயின் கழன்று விழாமல் காக்கும். காசு செலவில்லாத வேலை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? முன்பு ஒரு உழக்குக்குப் பின்சில்லு ஒரு சுற்றுக்கு மேல் சுற்றியது. இப்போது 0.85 சுற்று. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, முழங்காலுக்கும் அந்தளவு சுகம். குளக்கட்டில் இறங்கித் தள்ளாமல், இருந்தபடியே உழக்கி ஏறுகிறேன்.

குறையும் உண்டு. 11, 13 பல்லுகளுக்கு மாறுவது முன்பைவிட மந்தம், ஏனென்றால் சின்னச் சில்லு அவற்றிலிருந்து தூரப் போய்விட்டது. 28, 34, 40 என்று பெரிய பாய்ச்சல், இடையில் ஒரு பல்லு இருந்தால் நன்றாக இருக்கும் என்று கால் கேட்கிறது. டெரெய்லர் பதிவாகத் தொங்குவதால் பற்றைப் பாதையில் கட்டையில் அடிபடக்கூடும், அடிபட்டால் ஹேங்கர் வளையும். மாரியில் சேறு அப்பினால் கழுவித் துடைத்து எண்ணெய் விடாமல் மறுநாள் எடுக்கவே கூடாது. அலுமினியத் துண்டு வந்த பெட்டிக்குள் விளக்கக் குறிப்பு ஒன்றும் இல்லாதது எனக்குக் கோபம்தான். பி ஸ்குரூ எங்கே முட்ட வேண்டும் என்று ஒரு படமாவது போட்டிருக்கலாம்.

பாரம் இல்லாமல் தார் வீதியில் மட்டும் ஓடுபவர்களுக்கு இது வேண்டாத செலவு. பால், விறகு, மீன்பெட்டி கட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். டெரெய்லரே பழுதென்றால், ஷிமானோ ஒன்பது கியர் டெரெய்லர் எட்டுக் கியர்ப் பிடியோடு ஒத்துப்போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று பத்துக் கியர் மவுண்டன் டெரெய்லரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதற்குக் கேபிள் இழுபடும் அளவு வேறு, ஒரு கியரும் சரியாக விழாது.