வன்னி வாக்கு: ஊருக்கு வந்து போடுவதா, இருக்கும் இடத்தில் போடுவதா?

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். (கிளிநொச்சியும் வன்னி மண்தான், ஆனால் அதன் வாக்கு யாழ்ப்பாணத்தோடு எண்ணப்படும். அது வேறு கதை.) இங்கே பதிவை வைத்துக்கொண்டு கொழும்பில் வேலை செய்பவர்களும், 1990 இல் புலிகளால் வெளியேற்றப்பட்டு இன்னும் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்களும் எப்படி வாக்களிப்பது?

ஊருக்கு வருவதுதான் வழமை. 150 கிலோமீற்றருக்கு மேல் என்றால் தனியார் துறையிலும் சம்பளம் வெட்டாமல் 2 நாள் லீவு தரவேண்டும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்? பஸ் காசும் அவர் தலையில்தான். வழியும் எப்போதும் பாதுகாப்பில்லை: 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிவந்த பஸ்கள்மீது தந்திரிமலைப் பக்கம் கல்லெறிந்து சுட்டார்கள்.

அடுத்தது கொத்தணி வாக்களிப்பு நிலையம், அதாவது பல ஊர்களின் வாக்காளர்களுக்கு வேறொரு இடத்தில் சேர்த்து வைக்கும் நிலையம். 2004 இல் புலிகளின் பகுதியில் இருந்தவர்களுக்கு அரச கட்டுப்பாட்டுப் பக்கம் வைத்தார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்குப் புத்தளத்திலும் வைத்தார்கள். பயணம் மிச்சம், உண்மை. ஆனால் வன்னி முடிவுகளில் ‘இடம்பெயர்ந்தோர்’ என்று தனி வரி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சமூகம் யாருக்குப் போட்டது என்று ஊருக்கே சொல்லும் வரி அது. தனி ஆளின் வாக்கு இரகசியம்தான், கூட்டத்தின் வாக்கு இரகசியமில்லை. தோற்ற வேட்பாளர் அந்த வரியை மறப்பாரா?

தபால் வாக்கு இப்போது அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றவர்களுக்கே. அதைக் கடை, கார்மெண்ட்ஸ் வரை நீட்டலாம் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வேலையிடத்தில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னால் புள்ளடி போடுவது கச்சேரி போன்ற அரச அலுவலகத்தில் சரிவரும். முதலாளி பக்கத்தில் நிற்கும் கடையில்?

மிஞ்சுவது முன்கூட்டிய வாக்களிப்பு. தேர்தலுக்குச் சில நாள் முன்பு கொழும்பு, புத்தளம் மாவட்டச் செயலகங்களில் வன்னி வாக்குச்சீட்டோடு ஒரு நிலையம். கட்சி முகவர்கள் இருக்க, விரலில் மை பூசி, சாதாரண வாக்களிப்பு போலவே. என் தெரிவு இதுதான். முன்பே விண்ணப்பித்தவரின் பெயரை ஊர் இடாப்பில் குறித்துவிட்டால் இரண்டாம் வாக்குக்கு இடமில்லை. செலவு கூடும், சரி. ஆனால் அந்தப் பெட்டிகளை வவுனியாவுக்குக் கொண்டுவந்து ஊர்ப் பெட்டிகளோடு கலந்தே எண்ணவேண்டும். இல்லாவிட்டால் பழையபடி தனி வரிதான்.