அபாச்சி: பழைய தட்டு, சேதாரம் இல்லாத பாட்டு

பிரிட்டனின் ஷாடோஸ் குழு கிட்டாரில் வாசித்த, பாடல் வரிகள் இல்லாத 'அபாச்சி'யின் ஏழு அங்குல இசைத்தட்டை கொழும்பு மருதானைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். உறை கிடையாது. விளிம்பில் ஒரு கீறல், முதல் சில சுற்றுக்கு 'டிக் டிக்' என்று சத்தம் வேறு. இருந்தாலும் கொடுத்த காசு வீண் போகவில்லை.

கல்யாண வீடுகளில் பேண்ட் வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதை வாசிக்காத கிட்டார்காரரை நான் கண்டதில்லை, ஒழுங்காக வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சுரங்கள் சுலபம்தான். விஷயம் எல்லாம் குழுவின் முதன்மைக் கிட்டார்காரர் ஹாங்க் மார்வினின் வலது கையில் இருக்கிறது. நீண்டு நிற்கும் சுரத்தில் ட்ரெமலோ கைப்பிடியை (சுரத்தை ஏற்றி இறக்க கிட்டாரில் பொருத்திய சிறு தண்டு) லேசாகத் தொட்டு நடுங்க விடுகிறார். எக்கோ பெட்டி அதைத் திருப்பிச் சொல்கிறது. அது சொல்லி முடிக்க மனுஷன் இடமும் விடுகிறார். நம்ம பெடியள் அந்த இடைவெளியைக் கண்டதும் பயந்துபோய் நாலைந்து சுரம் போட்டு நிரப்பிவிடுவார்கள். பாட்டு செத்துப்போவது அங்கேதான்.

போனில் கேட்கும்போது குழுவின் இன்னொரு கிட்டார்காரரான புரூஸ் வெல்ச்சின் அகூஸ்டிக் கிட்டார் பின்னால் எங்கோ மங்கிப்போகும். தட்டில் அது முன்னுக்கு வந்து குதிரை ஓட்டம் போல உந்துகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் முரசும் வடிவாகக் கேட்கிறது. அதை அடித்தவர் கிளிஃப் ரிச்சர்ட், ஷாடோஸ் பின்னணி வாசித்த பாடகர். 1960 ஆகஸ்டில் இதே தட்டு அவருடைய சொந்தப் பாட்டை பிரிட்டன் இசைத்தட்டுப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு, ஐந்து வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது!

ஜெரி லோர்டன் எழுதிய மெட்டு இது. அவர் இதைக் குழுவுக்கு வாசித்துக் காட்டியது உக்குலேலியில். அந்தச் சின்ன வாத்தியத்திலேயே எடுபட்டிருக்கிறது என்றால் மெட்டின் பலம் எவ்வளவு, பாருங்கள். ஹிப் ஹாப் தவிர வேறெதுவும் கேட்காத என் மகன், தட்டு ஓடும்போது எட்டிப் பார்த்து, "அப்பா, இது எனக்குத் தெரியுமே" என்றான். இன்க்ரெடிபிள் போங்கோ பேண்ட் என்ற குழு 1973இல் வெளியிட்ட இதே மெட்டின் வடிவத்திலிருந்து தாளத்தை எத்தனையோ ஹிப் ஹாப்காரர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வழியாக இவனிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

பின்பக்கப் பாட்டை ஒருமுறை கேட்கலாம், அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்கள் தட்டைக் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கொழும்பு வெக்கைக்கு நெளிந்துபோன தட்டுகள் நிறைய. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு கழன்றிருந்தால் அந்தப் பெரிய துளையை அடைக்கும் அடாப்டர் இல்லாமல் ஓடாது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் விடாதீர்கள், தட்டின் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.