கொழிஞ்சாம்பாறை டிராக் பயிற்சி வகுப்பு: இன்ஜினுக்கு முன்னால் தரையும் விளக்கும்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில் உள்ள ஒரு பைக் பட்டறை, வழக்கமான இன்ஜின் வேலைகளோடு, டிராக் (drag) பந்தயத்தில், அதாவது இரண்டு வண்டிகள் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறிப் பாயும் போட்டியில், புறப்படுவதற்கான பயிற்சியையும் வார இறுதிகளில் அளித்து வருகிறது. கட்டணம் 2,500 ரூபாய். சைலன்சருக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இதைப்போல் பல மடங்கு செலவழிக்கும் நம் பகுதி இளைஞர்கள், அந்தச் செலவுக்கு முன்பே இங்கே சென்று வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்தப் பந்தயத்தின் 402 மீட்டர் (கால் மைல்) ஓட்டத்துக்கான கடிகாரம், முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் ஓடத் தொடங்குகிறது. புறப்படச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்ததற்கும் சக்கரம் நகர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரம் அதில் சேராது. வெற்றியோ எல்லைக்கோட்டை முதலில் தொடுபவருக்கு. ஆகவே 12.10 விநாடியில் ஓடும் பைக் 0.35 விநாடி தாமதித்துப் புறப்பட்டால், 12.30 விநாடியில் ஓடினாலும் 0.10 விநாடியில் புறப்பட்டுவிட்ட பைக்கிடம் தோற்கும். வேகமான வண்டி வைத்திருந்தும் தோற்றவர்கள் பலருக்கு இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. இங்கே முதல் பாடமே இதுதான்.

பட்டறைக்குப் பின்னால் உள்ள கான்கிரீட் தளத்தில் போட்டியில் புறப்பாட்டைக் காட்டும் முழு உயர விளக்குக் கம்பம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று மஞ்சள் விளக்குகளும் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை வரும் முறையிலும், மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும் முறையிலும் பயிற்சி உண்டு. கண் கண்டதைக் கை செய்து முடிக்கவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும்; அதன் பிறகு கிளட்ச் பிடித்துச் சக்கரம் உருள வேண்டும். பச்சைக்காகக் காத்திருப்பவர் பின்தங்கிவிடுவார் என்பதால், முதல் முறையில் கடைசி மஞ்சளிலேயே கிளட்சை விடப் பழக்குகிறார்கள். சற்று முந்தினாலும் சிவப்பு விழுந்து ஆட்டம் முடிந்துவிடும். செல்போன் திரையைத் தட்டிப் பழகுவதில் இந்தக் கிளட்சின் கணக்கு வரவே வராது.

இந்த வகுப்பின் உண்மையான சிறப்பு தரையைப் பற்றிய பாடம். நம் நாட்டில் டிராக் போட்டிகள் பெரும்பாலும் பந்தயத் தடத்தின் நேர்ப்பகுதியிலோ விமான ஓடுதளத்திலோதான் நடக்கின்றன; தொடக்கத்திலிருந்து முடிவு வரை டயர் வழுக்காமல் பிடிக்கப் பசை தெளித்து ரப்பர் படிய வைத்த தடம் கிடைப்பது அரிது. பயிற்சியாளர் அனைவரையும் முதலில் நடக்க வைக்கிறார். "தம்பி, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி கைய வெச்சுப் பாருங்க" என்று சொல்லி, தரையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, அதில் ஒட்டிய செம்மண் பொடியைக் காட்டினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில், கூட்டி முடித்த தளத்திலும் சிறிது நேரத்திலேயே இப்படி மண் படிந்துவிடுகிறது. அதிகாலையில் தரை குளிர்ந்திருந்தால் டயர் பிடிக்காது. உச்சி வெயிலில் அளவுக்கு மீறிச் சூடேறினால் படிந்த ரப்பரும் தாரும் இளகி வழுக்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் டயர் காற்றழுத்தத்தையும் கிளட்சை விடும்போது இருக்க வேண்டிய ஆர்பிஎம்மையும் (இன்ஜின் சுழலும் வேகம்) எப்படி மாற்ற வேண்டும் என்பதைக் காட்ட, ஒரே பைக்கைக் காலையிலும் மதியத்திலும் ஓட்டவைத்து, முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நேரத்தை அச்சிட்டுக் கையில் தருகிறார்கள்.

குறைகளும் உண்டு. தளம் குறுகியது என்பதால் கியர் மாற்றும் பயிற்சிக்கு இடமில்லை. கம்பம் மேற்கே நிற்பதால் மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்து, மஞ்சள் எரிந்ததே தெரிவதில்லை. விளக்குகளுக்குப் பின்னால் ஒரு தகட்டு மறைப்பு வைத்தால் சரியாகிவிடும், அதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அதுவரை சேர விரும்புகிறவர்கள், போனில் பதிவு செய்யும்போதே விளக்குப் பயிற்சியைக் காலை நேரத்தில் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் உங்களுடையதாக இருக்க வேண்டும்; அங்கே வாடகைக்குக் கிடைப்பதில்லை.