அணு உலையா, அனல் மின்நிலையமா, காற்றாலையா: பக்கத்து ஊர்க்காரர் கணக்கு

கூடங்குளத்தில் 5, 6-வது அணு உலைகளுக்கு 2021-லேயே கான்கிரீட் போட்டு வேலை நடக்கிறது. எல்லாம் முடிந்தால் ஒரே வளாகத்தில் 6,000 மெகாவாட். எங்கள் பக்கத்தில் யாராவது இதைப் பற்றி வாயைத் திறந்தால், "மின்சாரம் மட்டும் வேணும், ஆலை வேண்டாமா? அப்போ எதைத்தான் உங்க ஊர்ல விடுவீங்க?" என்று வெளியூர்க்காரர்கள் உடனே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், நேராகவே பதில் சொல்கிறேன். ராதாபுரம் வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியைக் காற்றாலைக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வீட்டில் பல நாள் வாக்குவாதம் நடந்துதான் அந்த முடிவுக்கு வந்தோம். அதனால் நான் காற்றாலைப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை. யூனிட் விலை எவ்வளவு, நாட்டுக்கு எது லாபம் என்ற விவாதத்துக்குள் போகப்போவதில்லை. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அனல் மின்நிலையம். இதை நீட்டி முழக்கத் தேவையில்லை. தூத்துக்குடியில் 1979 முதல் நிலக்கரி எரிகிறது, ஒவ்வொன்றும் 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு போன கதை ஊரறிந்தது. இப்போது உடன்குடியிலும் 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகள். நிலக்கரி இறக்க கடலுக்குள் பாலம் கட்டுகிறார்கள் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் எத்தனையோ முறை போராடிவிட்டார்கள். சாம்பல், தூசி, மூச்சுக்கோளாறு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிகிற கேடு. அணு உலையா நிலக்கரியா என்று மட்டும் கேட்டால், அன்றாடக் காற்றைப் பொறுத்தவரை அணு உலைதான் சுத்தம். அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

சரி, அணு உலைக்கும் காற்றாலைக்கும் வருவோம்.

வேலை வாய்ப்பில் அணு உலை ஜெயிக்கிறது. நிரந்தர வேலை உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனை கிடைத்தது என்பதில் மனக்கசப்பு நிறைய உண்டு, ஆனால் ஒப்பந்த வேலை, கட்டுமானம், வாடகை வீடு, சாப்பாட்டுக்கடை என்று கூடங்குளம் பஜாரில் பணம் புழங்குவது உண்மை. காற்றாலையில் கட்டும்போது கொஞ்ச நாள் ஆள் தேவை, அப்புறம் ஒரு காவலாளி, எப்போதாவது வந்து போகிற ஒரு மெக்கானிக், அவ்வளவுதான். பீடி சுற்றியும் பனையேறியும் பிழைத்த வீடுகளிலிருந்து பையன்கள் ஆலை ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

நிலத்தில் காற்றாலை ஒன்றும் புனிதமானது இல்லை. தரகர்கள் வந்து, விவரம் தெரியாத பெரியவர்களிடம் ஏக்கர் கணக்கில் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கியது ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் நடந்தது. ராட்சத இறக்கைகளை ஏற்றிவர அகலமாகப் பாதை போடுகிறேன் என்று ஓடையை மறித்து மண்ணைக் கொட்டிவிடுவார்கள். மழை பெய்தால் குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் யாரோ ஒருவர் வயலில் நிற்கும். காற்றுக் காலத்தில் இரைச்சலும் இருக்கிறது, வீட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டால் தூக்கம் கெடும். இவ்வளவுக்கும் பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றாலை நிற்கிற இடத்தைத் தவிர மீதி நிலத்தில் ஆடு மேய்கிறது, மழை பெய்த வருஷம் உளுந்து விதைக்கிறோம், கொஞ்சம் தள்ளி வீடும் கட்டிக்கொள்ளலாம்.

அணு உலைக்குப் பக்கத்தில் அப்படி இல்லை. கூடங்குளம் ஆலையைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு அப்பால் 5 கிலோமீட்டர் வரை இருப்பவர்கள் இருக்கலாம், பிள்ளை குட்டி பெற்றுப் பெருகலாம், ஆனால் புதிதாகக் கூட்டம் சேர்க்கிற எதுவும் அங்கே வராமல் அரசு கட்டுப்படுத்த வேண்டும். 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம், ஒத்திகை. பாதுகாப்புக்காக எழுதிய விதிகள்தான், தப்பில்லை. ஆனால் ஒரு ஊர் புதிதாக ஆள் சேர்த்து வளரக் கூடாது என்று எழுதி வைத்த பிறகு அந்த ஊர்க்காரனுடைய மனைக்கும் பிள்ளைகளின் நாளைக்கும் என்ன மதிப்பு என்ற கேள்விக்கு இழப்பீட்டுக் கணக்கில் பத்தியே கிடையாது. விதி இப்படி இருக்க, 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய இடிந்தகரை குடியிருப்பின் வாசலில் நின்றால் உலையின் குவிமாடங்கள் அவ்வளவு பக்கத்தில் தெரிகின்றன.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. முதலில் ஆலைக்கு நல்ல தண்ணீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுப்பதாகத்தான் திட்டம். குமரி மாவட்ட விவசாயிகள் விடவில்லை, கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டிக்கொண்டார்கள். எதிர்த்ததால் கிடைத்த நல்லது அது. உலையைக் குளிரவைக்கக் கடல்நீரை உறிஞ்சி, சூடேறிய நீரைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். கடலின் இயல்பான வெப்பத்தை விட 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. உறிஞ்சும்போது மீன் முட்டையும் குஞ்சும் சேர்ந்தே உள்ளே போகும். நான் நிலத்துக்காரன், கடல் தொழில் பழகியவன் இல்லை, அதனால் சாளை, நெத்திலி, சிங்கி இறால் வரத்து இதனால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கரையோரமே வலை போட்டுப் பிழைக்கிற சின்ன வள்ளக்காரருக்கு அந்த 7 டிகிரி வெறும் எண் இல்லை என்பது மட்டும் புரிகிறது.

சமூக விலை என்றால் பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகையைத்தான் பேசுகிறார்கள். நான் வழக்குகளைச் சேர்ப்பேன். ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2011-ல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உலையை எதிர்த்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அதே நாளில் மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோகம் உட்பட வழக்குகள். வழக்குகளைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுங்கள் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்புறமும் வருஷக்கணக்காக இழுத்தது, வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டிய பையன்கள் பாஸ்போர்ட்டுக்காக அலைந்தார்கள். அரசு அறிவித்த 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தில் சாலையும் வீடும் வந்திருக்கலாம், அந்தப் பையன்கள் இழந்த வருஷங்கள் அதில் அடங்காது. கடற்கரை ஊர்களுக்கும் உள்ளே இருக்கிற ஊர்களுக்கும் நடுவில் அந்த நாட்களில் விழுந்த விரிசலும் அதில் அடங்காது. காற்றாலைக்காக எங்கள் பக்கம் நிலத்தகராறு நடந்திருக்கிறது, யாரும் தேசத்துரோகி ஆனதில்லை.

இதுவரை சொன்னதில் சிலது காற்றாலைக்குச் சாதகம், சிலது பாதகம். எங்கள் வீட்டு வாக்குவாதத்தை முடித்து வைத்தது வேறொன்று. வேலை முடிந்த பிறகு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியுமா?

1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி, உலையில் பயன்படுத்திய எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். சோவியத் யூனியன் உடைந்தது, 1998-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது, எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும் என்றாகிவிட்டது. ஊர் மக்களைக் கேட்டு மாற்றியதில்லை அது. உலைக்குள் இருந்து எடுத்த எரிபொருள் கோல்கள் அங்கேயே ஒரு குளத்தில், தண்ணீருக்குள், தொடர்ந்து குளிரவைக்கப்பட வேண்டும். அந்தக் குளத்தில் சில வருஷத்துக்கான இடம்தான் உண்டு. அதனால்தான் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பில், உலைக்கு வெளியே ஒரு சேமிப்பு மையத்தை ஐந்து வருஷத்துக்குள் கட்டச் சொன்னார்கள். ஐந்து வருஷத்தில் முடியவில்லை, 2018-ல் கூடுதல் அவகாசம் வாங்கினார்கள். 2019 ஜூலையில் ராதாபுரத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளி வைத்தார்கள். மையம் அமையப்போவது அதே கூடங்குளம் வளாகத்துக்குள்தான். கழிவை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பப் பாருங்கள் என்று 2022-ல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இது தற்காலிகம்தான், பிறகு மறுசுத்திகரிப்புக்கு, அதாவது திரும்பப் பயன்படுவதைப் பிரித்தெடுக்கப் போய்விடும் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். மறுசுத்திகரிப்பு செய்தாலும் கடுமையான கதிரியக்கம் உள்ள மிச்சம் ஒன்று வரும், அதைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைத்து எங்கேயாவது காக்க வேண்டும். எங்கே? 2012-ல் கர்நாடகாவில் மூடிக்கிடக்கும் சுரங்கமான கோலார் தங்கவயல் பெயர் ஒருமுறை அடிபட்டது. அங்கே மக்கள் கொதித்தெழுந்ததும் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நிரந்தரமாகப் புதைக்கும் இடம் இந்தியாவில் எங்கும் இல்லை. பயன்படுத்திய எரிபொருளில் இருக்கிற கதிரியக்கப் பொருள்களில் சீசியம், ஸ்ட்ரான்சியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 வருஷம், புளூட்டோனியத்துக்கு 24,000 வருஷத்துக்கு மேல். உலை சில பத்து வருஷம் மின்சாரம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகும் காவலும் மின்சாரமும் தண்ணீரும் பணமும் அந்த இடத்துக்குத் தேவைப்படும். அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்று ஆலை வரும் ஊரிடம் யாரும் பேசுவதில்லை. தற்காலிகம் என்று வாங்கிய அனுமதி நிரந்தரமாகிவிடும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் பயப்படுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது, 1988 ஒப்பந்தத்தின் கதையே அவர்கள் பக்கம் சாட்சி.

கதிர்வீச்சால் நோய் வருகிறதா இல்லையா என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை. உலை ஒரு விபத்தும் இல்லாமல் கடைசி நாள்வரை ஓடினாலும் மேலே சொன்ன கணக்கு அப்படியேதான் நிற்கும்.

காற்றாலைக்கு இதே கேள்வியைப் போடுவோம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிதாக நடுவது பற்றி அரசு 2024-ல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. கிரேன் வருகிறது, இறக்கையை இறக்குகிறார்கள், கோபுரத்தை எடைக்குப் போடுகிறார்கள். மிச்சம் என்ன? மண்ணுக்குள் கான்கிரீட் அடித்தளம், அப்புறம் உருக்கி விற்க முடியாத கண்ணாடியிழை இறக்கை. இரண்டுமே தொந்தரவுதான், இறக்கைக்கு ஒரு நல்ல வழி இன்னும் வேண்டும். ஆனால் அதற்குக் காவல் போட வேண்டியதில்லை, என் பேரன் அதில் உட்கார்ந்து ஆடு மேய்க்கலாம்.

காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் உருப்படியாக வீசும், மற்ற மாதங்களுக்கு வேறு வழி வேண்டும், அணு உலை இரவும் பகலும் ஓடுகிறது என்பது வலுவான வாதம். சூரிய மின்சாரமும் சேமிப்பு பேட்டரியும் அந்த இடைவெளியை எவ்வளவு நிரப்பும் என்று என் வீட்டு மாடியில் இருக்கிற தகடுகளை வைத்து முடிவு சொல்ல முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் சூரியத் தகடுகளை விரித்த மாதிரி எங்கும் விரித்தால் மேய்ச்சல் நிலம் போய்விடும் என்ற கவலையும் எனக்கு உண்டு. ஆனாலும் காற்று இல்லாத மாதங்களுக்கான விலையை ஆயிரக்கணக்கான வருஷம் ஒரே ஊர் சுமக்க வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை.

காற்றாலைக்கு நிலம் கேட்டு ஆள் வந்தால் விற்காதீர்கள், குத்தகையாகக் கொடுங்கள். பத்திரத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: முடிவில் அடித்தளத்தை உழவு ஆழத்துக்குக் கீழே வரை உடைத்து எடுப்பது, இறக்கைகளை நம் நிலத்தில் போட்டுவிட்டுப் போகாமல் அப்புறப்படுத்துவது, ஓடை வரும் இடங்களில் பாதைக்குக் கீழே குழாய் பதிப்பது. முதல் இரண்டுக்கும் முன்பணம் வங்கியில் கட்டச் சொல்லுங்கள். எங்களிடம் கம்பெனிக்காரர் முதலில் முடியாது என்றார், இரண்டு பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்து நின்றதும் ஒத்துக்கொண்டார்.