பாட்டுகளின் சத்தத்தைச் சமன் செய்யக் கொடுத்து அசல் பதிவுகளை இழந்தேன்: ஓர் எச்சரிக்கை

வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுக் கோப்புகளை ஒரே லெவலுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் கடைகளிடம் ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்க நினைப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் கொடுத்தேன். 6,500 ரூபாய் கட்டணத்தோடு, இனி எங்கும் கிடைக்காத பதிவுகளும் போயின.

என் அப்பா 160 கேசட்டுகளை விட்டுச் சென்றார். வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகள், எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரே பிடித்த நாகசுர மேளங்கள், சில பழைய திரைப்பாடல் தொகுப்புகள். மூன்று ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒலியில் எதையும் இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்புகளாகச் சேமித்தேன். சிடியிலிருந்து எடுத்த 320 கிலோபிட் (ஒரு நொடி ஒலிக்கான தரவின் அளவு; குறைந்தால் தரமும் குறையும்) எம்பி3 பாட்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 கோப்புகள், 72 ஜிபி. பூஞ்சை பிடித்து நாடா ஒட்டத் தொடங்கியிருந்த கேசட்டுகளை வீடு மாறியபோது கழித்துவிட்டோம்.

இருந்த குறை ஒன்றுதான். 1950-களின் பாட்டுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும்போது, அடுத்து 2000-க்குப் பின் வந்த பாட்டு ஏதாவது ஓடினால் அறை அதிரும். விடியற்காலையில் பாட்டுக் கேட்கும் அம்மா, இரண்டு பாட்டுக்கு ஒரு முறை எழுந்து போய்ச் சத்தத்தைத் திருக வேண்டியிருந்தது. திருமண வீடியோ வேலையும் கேசட்டை டிஜிட்டலாக்கும் வேலையும் செய்யும் ஒரு கடையில் இதைச் சொன்னேன். "எல்லாத்தையும் மாஸ்டரிங் பண்ணி ஒரே லெவலா குடுத்துடுறோம் சார், டிஸ்க்கை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். பில்லில் 'ஆடியோ லெவலிங்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பிரதியும் எடுத்து வைக்கவில்லை.

ஆறாம் நாள் டிஸ்க் திரும்பி வந்தபோது அதில் 19 ஜிபிதான் இருந்தது. "இடம் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கோம் சார்" என்றார்கள். ஃபிளாக் கோப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் 128 கிலோபிட் எம்பி3. ஒவ்வொரு கச்சேரிக்கும் நான் பதிந்து வைத்திருந்த ராகம், தாளம், ஒலிபரப்பான தேதி ஆகிய குறிப்புகளும் அழிந்திருந்தன.

முதலில் ஓடவிட்டது அப்பா பிடித்த நாகசுரத்தைத்தான். தவிலில் அடி விழும் ஒவ்வொரு முறையும் நாகசுரமும் ஒத்தின் சுருதியும் சட்டென்று உள்வாங்கி, அரை நொடி கழித்து மீண்டும் மேலெழுந்தன. அடிகளுக்கு நடுவே நாடாவின் இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும் அலைபோல ஏறி இறங்கின. மெல்லிய ஒலியைத் தூக்கிவிட்டு, பலத்த ஒலி வந்த கணத்தில் அனைத்தையும் சேர்த்து அமுக்கும் கம்ப்ரஸர் என்ற கருவியை 4,000 கோப்புகளுக்கும் ஒரே அளவில் போட்டதன் விளைவு அது. கச்சேரிகளில் கெடுதல் இன்னும் அதிகம். ஆலாபனையைத் தொடங்கும்போது பாடகர் முனகுவதும், தனி ஆவர்த்தனத்தின் முடிவில் கோர்வை முழங்குவதும் ஒரே சத்தத்தில் கேட்டன. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை நீக்கச் சொன்னேன். பாட்டுக்கு உள்ளேயே இருந்த ஏற்ற இறக்கத்தை அவர்கள் நீக்கிவிட்டார்கள். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்தத் தொழில் செய்து காசு வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்லவேளையாக, முதலில் பதிவு செய்த 40 கேசட்டுகளின் கோப்புகள் பழைய மடிக்கணினியில் தங்கியிருந்தன. ஒரே கச்சேரியின் இரண்டு வடிவங்களையும் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அருகருகே திறந்து பார்த்தேன். மூலத்தில் மேடும் பள்ளமுமாக இருந்த அலைவடிவம், கடையிலிருந்து வந்ததில் மேலும் கீழும் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக நின்றது.

அதைக் காட்டி அசல் கோப்புகளைக் கேட்டபோதுதான் இரண்டாவது ஏமாற்று நடந்தது. "ஒரிஜினல் எங்க சிஸ்டத்துல இருக்கு" என்று டிஸ்க்கை மறுபடியும் வாங்கிக்கொண்டு, மூன்று நாள் கழித்து 47 ஜிபியோடு கொடுத்தார்கள். எல்லாம் 320 கிலோபிட் எம்பி3 என்று காட்டியது. ஒலியின் அலைவெண் எதுவரை எட்டுகிறது என்பதைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறந்தேன். கேசட் பதிவுகளை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. அவற்றில் உச்ச அலைவெண்கள் இயல்பாகவே குறைவு. அதனால் என்னிடம் சிடி இருந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டேன். சிடியிலிருந்து நானே மறுபடி எடுத்த 320 கோப்பில் ஒலி 20 கிலோஹெர்ட்ஸ் வரை படர்ந்திருந்தது. அவர்கள் 'ஒரிஜினல்' என்று தந்ததில் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கோடு கிழித்ததுபோல எல்லாம் நின்றுவிட்டது. அலைவடிவத்தின் தட்டையான முகடுகளும் அப்படியே இருந்தன. சற்றுத் தாழ்த்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கெட்டுப்போன 128 கோப்புகளையே 320 ஆக ஊதிப் பெருக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எம்பி3 ஆக்கும்போது கழிந்துபோன ஒலி, கோப்பைப் பெரிதாக்கினால் திரும்பி வராது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இந்த வேலைக்கு ஒலியைத் தொடவே தேவையில்லை என்பதுதான். 2001-இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெயின் என்ற முறையில், மென்பொருள் ஒவ்வொரு பாட்டும் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று கணக்கிட்டு, 'இதை 8 டெசிபல் குறை', 'இதை 3 டெசிபல் கூட்டு' என்பது போன்ற ஒரு குறிப்பைக் கோப்பின் டேகில் (பாட்டின் விவரங்கள் இருக்கும் பகுதியில்) எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து, அம்மா கையால் திருகியதை பிளேயர் தானாகத் திருகிக்கொள்கிறது. ஒலித் தரவில் ஒரு பிட்கூட மாறாது. வேண்டாம் என்றால் குறிப்பை நீக்கிவிடலாம். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரிலேயே இதற்கான வசதி இருக்கிறது. டேகைப் படிக்காத கார் ஸ்டீரியோ போன்றவற்றுக்கு எம்பி3கெயின் உண்டு. அது எம்பி3 கோப்பின் ஒவ்வொரு பிரேமிலும் (சிறு ஒலித் துண்டிலும்) ஏற்கெனவே இருக்கும் ஒலியளவு எண்ணை 1.5 டெசிபல் படிகளில் மாற்றுகிறதே தவிர, பாட்டை மறுபடி எம்பி3 ஆக்குவதில்லை. செய்த மாற்றத்தையும் குறித்து வைத்துக்கொள்வதால் பின்னால் பழையபடி ஆக்கலாம்.

கச்சேரி வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுவாரியாகச் சமன் செய்தால், அமைதியான விருத்தமும் விறுவிறுப்பான தில்லானாவும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். ரீப்ளேகெயினில் ஒரு தொகுப்பு முழுவதற்கும் ஒரே அளவைக் கணக்கிடும் ஆல்பம் கெயினைத் தேர்ந்தெடுத்தால் கச்சேரி முழுவதும் ஒரே அளவில் கூடும் அல்லது குறையும். உள்ளே இருக்கும் உறவு குலையாது.

'நார்மலைஸ்' செய்கிறோம், அதாவது சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறோம் என்று யாராவது சொன்னால் எதை அளந்து செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உச்சத்தை மட்டும் அளந்தால் பயனில்லை: ஒரே ஒரு மிருதங்க அடி உச்சத்தைத் தொட்டிருந்தால் போதும், மற்ற இடமெல்லாம் மெல்லியதாகவே இருந்தாலும் அந்தப் பாட்டு அப்படியே விடப்படும். கோப்புகளைப் புதிதாகச் சேமித்துத் தருவோம் என்று சொன்னால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எந்த வேலைக்குக் கொடுத்தாலும் பிரதியைத்தான் கொடுக்க வேண்டும். எந்த வகைக் கோப்பாக, எத்தனை கிலோபிட்டில் திரும்பி வரும் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கெட்டுப்போய்த் திரும்பிய டிஸ்க்கில் எதையும் எழுதாமல் உடனே மீட்பு வேலைக்குக் கொண்டுபோங்கள். என் டிஸ்க்கில் இரண்டு முறை எழுதிவிட்டதால் ஏறத்தாழ 600 கோப்புகளை மட்டுமே மீட்க முடிந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்த பிறகு கடைக்காரர் 6,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மடிக்கணினியில் தப்பிய 40 கேசட்டுகளையும் மீட்ட கோப்புகளையும் இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்துவிட்டு, ஃபூபாரில் நானே ரீப்ளேகெயின் கணக்கிட்டேன். இரவில் ஓடவிட்டேன், காலையில் முடிந்திருந்தது. அம்மா இப்போது எழுந்து போய்த் திருகுவதில்லை. அப்பா பிடித்த நாகசுரம் அவற்றில் இல்லை.