பழைய லேப்டாப் ஸ்கிரீன மானிட்டர் ஆக்கப் போறவங்க கவனம்: என் 2,850 ரூபாய் போச்சு

கோவம் இன்னும் அடங்கல. அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன். 2,850 ரூபாய். மகளோட ஸ்கூல் வேனுக்கு எடுத்து வெச்சிருந்த காசு.

வீட்ல பழைய லேப்டாப் ஒண்ணு மதர்போர்டு அடிச்சுக் கிடந்துச்சு. டிஸ்ப்ளே மட்டும் கடைசி நாள் வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. 15.6 இஞ்ச். அத அப்படியே எச்டிஎம்ஐ வயர்ல சொருக முடியாது, வர்ற சிக்னல ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்க நடுவுல ஒரு கண்ட்ரோலர் போர்டு வேணும். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அதுக்கு மேல தெரியாததுனாலதான் தக்கலையில இருந்து பஸ் ஏறி நாகர்கோவில்ல ஒரு லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் போனேன். பேரு சொல்லல.

கடைக்காரத் தம்பி பேனல, அதாவது கழட்டின அந்த டிஸ்ப்ளேயத் திருப்பி, போன் டார்ச் அடிச்சு, பின்னால ஸ்டிக்கர்ல இருந்த நம்பர ஒவ்வொரு எழுத்தா வாசிச்சான். எல்பி156டபிள்யூஎச்4. "40 பின்னு அண்ணே, இதுக்கு போர்டு நம்ம கையிலயே இருக்கு." பின்னுன்னா கேபிள் சொருகுற எடத்துல இருக்குற குட்டிக் கம்பிங்க. அவன் அப்படி நிதானமா வாசிச்ச அந்த நிமிஷந்தான் நான் விழுந்தேன். விவரமுள்ள ஆளுன்னு நெனச்சுட்டேன். போர்டு, கேபிள், அடாப்டர் 2,350, மாட்டுக்கூலி 500. ஜிபேல அப்பவே போட்டாச்சு. கேபிள் எல்லாம் அவனே சொருகினான். ஓட்டிக் காட்டுப்பான்னேன். வெளிய மழை, கரண்ட் இல்ல. "வீட்ல போயி பாருங்க அண்ணே, ஒண்ணும் ஆகாது. ஏதாவது ஆச்சுன்னா நான் இருக்கேன்லா?" நேந்திரங்காய் சிப்ஸ் கவர் ஒண்ணுல பொதிஞ்சு குடுத்தான். பில்லு கேக்கத் தோணல.

வீட்ல சுவிட்ச் போட்டேன். ஸ்கிரீன் பூரா வெள்ளையா வெளிச்சம் வந்துச்சு, மகள் கை தட்டினா. படம் வரல. நாத்தம்தான் வந்துச்சு, பிளாஸ்டிக் கருகுற நாத்தம். ஆஃப் பண்ணிட்டு போன் கேமராவுல பெருசாக்கிப் பாத்தேன். கேபிள் சொருகுற எடத்துப் பக்கத்துல 3.3, 5, 12ன்னு மூணு வோல்ட் எழுதியிருக்கு. கறுப்பா மொளகு அளவு ஒரு ஜம்பர், எதுல சொருகுறோமோ அந்த வோல்ட்தான் பேனலுக்குப் போகும். அது 12ல இருக்கு! டிவி பேனலுக்கும் இதே போர்டப் போடுவாங்களாம், அதுக்கு வெச்சத மாத்தவே இல்ல. என் பேனலுக்கு வேண்டியது 3.3 வோல்ட், 12 போய் கருகிடுச்சு. பின்னால லைட் எரியும், படம் ஜென்மத்துக்கும் வராது.

அன்னைக்கே போன் போட்டேன். "கொண்டு வாங்க அண்ணே, பாப்போம்." மறுநா பஸ் புடிச்சுப் போனா கடையில வேற பையன், "அண்ணன் சரக்கெடுக்கப் போயிருக்காரு." அடுத்த தடவை ஆளு இருந்தான். பேனலக் கையில கூட வாங்கல. "இது முந்தியே போன பேனலு." அப்ப அண்ணே இல்ல, "சார்" ஆயிட்டேன். ஜம்பரக் காட்டினேன். "நீங்க மாத்தி வெச்சிருப்பீங்க." மொளகு அளவு சாமான, கண்ணாடி போட்டாலும் சரியாத் தெரியாத நான் மாத்தினேனாம்! போர்டையாவது எடுத்துக்கிட்டு 2,350 குடுன்னா, சப்ளையர்ட்ட கேக்கணும்னான். இன்னைக்கு வரைக்கும் கேக்குறான்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. ஸ்டிக்கர் நம்பர நீங்களே எழுதி வெச்சுக்குங்க. 30 பின்னா 40 பின்னான்னு பாருங்க, பெரும்பாலும் ரெண்டுக்கும் போர்டு வேற. கரண்ட் குடுக்கும் முன்ன ஜம்பர் எதுல இருக்குன்னு பாருங்க. கண் முன்னால படம் வராம பைசா குடுக்காதீங்க, கரண்ட் இல்லன்னா வர்ற வரைக்கும் கடையிலயே இருங்க. பில்லு வாங்குங்க. நுகர்வோர் உதவி எண் 1915. நாளைக்குக் காலையில கூப்பிடப் போறேன், கையில இருக்குறது அந்த ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டுந்தான். அதுல 2,850ன்னு தெளிவா இருக்கு.